ஒன்றுபோல் தோன்றும் சட்டச் சொற்கள்

"எழுதின எழுத்து அழுதால் தீருமா?" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. தலைவிதியை நினைத்து அவர்கள் இதைச் சொன்னார்கள். ஆனால் பத்திரத்தில் எழுதும் எழுத்துக்கு இப்பழமொழி இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். ஒரு சொல்லுக்குப் பதிலாக அதுபோலத் தோன்றும் இன்னொரு சொல்லை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், வீடு போன பிறகு அழுது பயன் என்ன?

இவ்வாண்டு எங்கள் தமிழாசிரியை எங்களுக்கு ஒரு பயிற்சி அளித்தார். வீட்டிலுள்ள பத்திரங்களிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் ஆளுக்கு ஐந்து சட்டச் சொற்களை எழுதி வரவேண்டும். அகராதியைப் பார்த்து, பெரியோரைக் கேட்டு, அவற்றின் பிறப்பையும் பொருளையும் அறிய வேண்டும். அவ்வாறு பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் திரட்டியவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

எல்லையூரில் கலந்த மொழிகள்

ஆர்.கே.பேட்டை என்று சுருக்கி அழைக்கப்படும் எங்கள் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை தறியோசை கேட்கும் ஊர். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கைகோத்து நடக்கும். 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணி வட்டாரமும் அங்கே சென்றது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கர் என்பவரின் மத்தியஸ்தமும் நடந்த பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே இங்கே சில வீடுகளின் பெட்டியில் பாட்டனார் காலத்துப் பத்திரம் தெலுங்கிலும், தந்தையார் காலத்துப் பத்திரம் தமிழிலும் இருப்பதைக் காணலாம்.

எழுத்து எதுவாயினும் சொற்கள் பல நாட்டிலிருந்து வந்தவை. வடமொழி, அரபி, பாரசீகம், போர்ச்சுக்கீசியம், ஆங்கிலம் ஆகிய எல்லாமே நம் பத்திரங்களில் இடம் பிடித்திருக்கின்றன. 'தாசில்தார்' என்பதில் 'தாசில்' அரபி. வசூல் என்பது பொருள். 'தார்' பாரசீகம், உடையவர் என்பது பொருள். 'வக்கீல்' அரபிச் சொல். பிறர் சார்பில் நிற்பவர் என்று பொருள்படும். அவர் அவ்வாறு நிற்க நாம் எழுதிக் கொடுக்கும் அதிகாரமே 'வக்காலத்து'. "அவளுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்று வகுப்பறையில் சண்டையிடும்போது நாம் அரபிமொழி பேசுகிறோம் என்பது வியப்பல்லவா?

பத்திரமும் பட்டாவும்

முதலில் அடிக்கடி குழப்பம் தரும் இரண்டு சொற்களைக் காண்போம். 'பத்திரம்' என்னும் வடசொல்லுக்கு இலை என்பது பொருள். ஓலையில் எழுதிய காலத்தை நினைவூட்டும் சொல் இது. 'பட்டா' என்பதும் வடமொழி வழி வந்ததே. பலகை, தகடு என்னும் பொருளுடைய 'பட்ட' என்ற சொல்லே அதன் மூலம்.

சொத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறியதைக் காட்டுவது பத்திரம். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. பட்டாவோ வருவாய்த் துறையின் ஏடு. இந்த நிலம் யார் பெயரில் உள்ளது, தீர்வை கட்டவேண்டியவர் யார் என்பதை அது காட்டும். "பட்டா என் பெயரில் இருக்கிறது, ஆகவே நிலம் என்னுடையது" என்று பலரும் நினைக்கிறார்கள். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதனால் மட்டும் ஒருவருக்குச் சொத்துரிமை பிறந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளில் தெளிவாகக் கூறியிருக்கிறது. பத்திரம் இருந்தும் பட்டா மாற்றாமல் இருப்பதும் தொல்லையே. எனவே இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பட்டாவின் உடன்பிறப்புகள் இரண்டு. 'சிட்டா' கணக்குக் குறிப்பு என்னும் பொருளில் இந்தியிலிருந்து வந்தது. ஓர் ஊரில் ஒருவர் பெயரிலுள்ள நிலங்களை அது தொகுத்துக் காட்டும். இப்போது பட்டா, சிட்டா விவரங்கள் கணினியில் ஒன்றாகவே கிடைக்கின்றன. 'அடங்கல்' தூய தமிழ்ச் சொல். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்திலும் இதே பெயர்தான் வழங்குகிறது! அடங்கலில் காணும் 'பசலி' ஆண்டு, அறுவடைப் பருவம் என்னும் பொருளுடைய அரபிச் சொல்லிலிருந்து வந்தது. அது சனவரியில் தொடங்காது, ஜூலை முதல் நாளில் தொடங்கும்.

கிரயமும் போக்கியமும்

'கிரயம்' என்பது விலைக்கு வாங்குதலைக் குறிக்கும் வடசொல். 'போக்கியம்' என்பது அனுபவிக்கத்தக்கது என்னும் பொருளுடைய வடசொல். இதையே 'ஒத்தி' என்றும் கூறுவர். 'ஒற்றி' என்னும் பழந்தமிழ்ச் சொல்லே பேச்சில் ஒத்தியாயிற்று.

சொல்லின் பிறப்பே வேற்றுமையைச் சொல்லிவிடுகிறது. கிரயத்தில் சொத்து விற்கப்படுகிறது, மீண்டும் வராது. போக்கியத்தில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிக்கிறார், அவ்வளவே. வீட்டில் குடியிருக்கலாம், நிலத்தில் பயிரிடலாம். கடன் தீர்ந்ததும் சொத்து உரியவரிடம் திரும்ப வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 60ஆம் பிரிவில், இந்த மீட்கும் உரிமையை அளிக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது? அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது, "பேருக்குக் கிரயமாக எழுதிக் கொடுங்கள், பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று சொல்வாருண்டு. மீட்டுக் கொடுக்கும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்படாவிட்டால், அந்த விற்பனையை அடைமானமாகச் சட்டம் ஏற்பதில்லை. வாய்ச்சொல் காற்றோடு போகும். கிரயம் என்ற எழுத்து நிற்கும்.

வீட்டைப் போக்கியத்துக்கு எடுப்போருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள போக்கியம், இரு சாட்சிகளுடன் எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது சட்டம். நாமோ இலட்சக் கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, வெறும் தாளில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிறோம்!

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தெலுங்கர் 'கவுலு' என்பர். வாக்கு என்று பொருள்படும் அரபிச் சொல் அது. சிறையிலிருந்து ஒருவரைச் சில நாள் வெளியே விடும் 'பரோல்' என்பதும் பிரெஞ்சு மொழியில் வாக்கையே குறிக்கும். ஒருவர் வாக்கை நம்பியே நிலத்தையும் கொடுத்தார்கள், சிறைக் கதவையும் திறந்தார்கள் போலும்!

உயிலும் தான செட்டில்மெண்டும்

'உயில்' என்பதைத் தமிழ்ச் சொல் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உயிரோடு தொடர்புடையதோ என்று கூட ஒரு தோழி கேட்டாள். உண்மையில் அது 'வில்' என்னும் ஆங்கிலச் சொல்லே. விருப்பம் என்பது அதன் பொருள். 'செட்டில்மெண்ட்' என்பதும் ஆங்கிலமே. முடித்து வைத்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 'தானம்' வடமொழி.

உயில் என்பது ஒருவரின் விருப்பம். விருப்பம் மாறலாம் அல்லவா? ஆகவே உயிலை எழுதியவர் உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். அது அவர் மறைந்த பிறகே நடைமுறைக்கு வரும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரு சாட்சிகள் தேவை, பதிவு கட்டாயமில்லை. செட்டில்மெண்டோ உடனே முடிந்துபோன செயல். பதிவான நாள் முதல் உரிமை மற்றவருக்குச் சென்றுவிடும். மனம் மாறியது என்பதற்காகத் திரும்பப் பெற இயலாது.

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி, தம் காலத்துக்குப் பிறகு வீடு மகனுக்குச் சேரட்டும் என்று எண்ணிக் கையொப்பமிட்டார். எழுதப்பட்டதோ தான செட்டில்மெண்ட். சில ஆண்டுகள் கழித்து, விதவையாகி வந்த மகளுக்கு ஓர் அறையாவது எழுதி வைக்க விரும்பியபோதுதான், வீடு தம்முடையதாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. "கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பார்த்தேன். எழுத்து தெரிஞ்சுது, அர்த்தம் தெரியலையே பாப்பா!" என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்டு எங்கள் வகுப்பே சிறிது நேரம் பேசாமல் இருந்தது.

முதியோருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அவ்வாறு கவனிக்கத் தவறினால், தீர்ப்பாயத்தில் முறையிட்டு அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். ஆனால் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டுமே! ஆகவே அதைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது.

விடுதலை என்னும் இருமுகச் சொல்

எங்களை மிகவும் சிந்திக்க வைத்த சொல் 'விடுதலை'. நீதிமன்றத்தில் இச்சொல் இனிக்கும். விசாரணை முடிந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதி கூறினால் அது விடுதலை. விசாரணை தொடங்கும் முன்பே, வழக்கு நடத்தப் போதிய காரணமில்லை என்று அனுப்பிவிட்டால் அது 'விடுவிப்பு'. நாளிதழ்களில் இவ்விரண்டும் கலந்துவிடுவதுண்டு.

சொத்து விஷயத்தில் இச்சொல்லின் மறுமுகம் தெரிகிறது. 'விடுதலைப் பத்திரம்' என்றால் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக் கொடுக்கும் பத்திரம். இங்கே விடுதலை பெறுவது நாம் அல்ல, நம் கையிலிருந்து விடுபடுவது சொத்து! 'பாகப்பிரிவினைப் பத்திரம்' இதற்கு வேறானது. அதில் ஒவ்வொருவருக்கும் உரிய பாகம் பிரித்துத் தரப்படும். 'பாகம்' வடமொழி, 'பிரிவினை' தமிழ். இரு மொழியும் ஆளுக்குப் பாதியாக நின்று அந்தச் சொல்லையே பங்கிட்டுக்கொண்டன!

திருமணமான பெண்களிடம், "ஒரு கையெழுத்துத்தானே அக்கா" என்று நீட்டப்படும் தாள் பெரும்பாலும் எது? தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு இடமளித்தது. ஆயினும் அதற்கு முன் மணமானோர் அதில் சேரவில்லை. 2005இல் மத்திய அரசின் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில், திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு பெற்ற உரிமையை மனமார விட்டுக் கொடுப்பது ஒருத்தியின் விருப்பம். ஆனால் என்னவென்று அறியாமலே விட்டுவிடுவது விருப்பமாகாது.

ஜப்தியும் ஏலமும்

கடன்பட்டவர் வீட்டில் அச்சம் தரும் சொற்கள் இவை. 'ஜப்தி' பிடித்து வைத்தல் என்னும் பொருளுடைய அரபிச் சொல்லின் வழி வந்தது. 'ஏலம்' போர்ச்சுக்கீசியரின் 'லெயிலாவ்' என்பதன் திரிபு. ஜப்தி என்பது பொருளைக் கைப்பற்றி வைப்பது. ஏலம் என்பது அதைப் பலர் முன் விற்பது. முதலாவது நடந்தாலும், பணத்தைச் செலுத்தி இரண்டாவதைத் தடுக்க வழியுண்டு.

எல்லாவற்றையும் ஜப்தி செய்யவும் முடியாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், உடுத்தும் அவசியமான ஆடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத அணிகலன் ஆகியவற்றை விலக்கி வைத்துள்ளது. கைவினைஞரின் தொழிற்கருவிகளும் அவற்றோடு சேரும். நெசவாளர் நிறைந்த எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய ஆறுதல்! தறியையே கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு.

கைதும் குற்றமும்

'கைது' என்பதைக் 'கை' என்ற சொல்லோடு இணைத்துப் பலரும் நினைக்கிறார்கள். அது விலங்கு என்னும் பொருளுடைய அரபிச் சொல். கைது செய்யப்பட்டவர் 'குற்றம் சாட்டப்பட்டவர்' மட்டுமே. நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அவர் 'குற்றவாளி'. ஆனால் தெருவில் நாம் முதல் நாளே அவரைக் குற்றவாளியாக்கி, அவர் பிள்ளைகளையும் ஒதுக்கிவிடுகிறோம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு.

'ஜாமீன்' என்பதும் அரபியே. பொறுப்பேற்கும் மனிதர் என்பது அதன் முதற்பொருள். 'பிணை' தமிழ், பிணைத்தல், கட்டுதல் என்பதிலிருந்து வந்தது. ஒருவருக்காக மற்றொருவர் தம்மைப் பிணைத்துக்கொள்ளும் செயலை இரண்டு சொற்களும் அழகாகக் காட்டுகின்றன. ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்தது என்பது தவறான எண்ணம். அவர் வெளியே இருக்கிறார். வழக்கு உள்ளே இருக்கிறது.

சாட்சி

'சாட்சி' என்னும் வடசொல்லில் 'அட்சி' என்பது கண். கண்ணோடு கூடியவர், அதாவது நேரில் கண்டவர் என்பது பொருள். இதற்குக் 'கரி' என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் உண்டு. திருக்குறளின் 25ஆம் குறளில் அச்சொல்லைக் காணலாம். 'சான்று' என்பதும் நம்முடையதே. கிரேக்க மொழியில் சாட்சியைக் குறிக்கும் 'மார்த்துஸ்' என்னும் சொல்லே, உயிர் கொடுத்து உண்மையை நிலைநாட்டியவருக்குப் பெயராயிற்று. அதனால்தான் 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையை 'மறைசாட்சி' என்கிறோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு ஒன்று வருகிறது. சுந்தரர் தமக்கு அடிமை என்று ஒரு முதியவர் வழக்குரைக்கிறார். நெடுநாள் வழக்கம், எழுத்து, அயலார் கண்டது ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்டும்படி அவையோர் கேட்கின்றனர். சுந்தரர் கிழித்தது படி ஓலை. முதியவரிடம் மூல ஓலை பத்திரமாக இருந்தது! அவையோர் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூறினர். மூலம் வேறு, படி வேறு என்னும் அந்த நுட்பத்தை இன்றும் சட்டம் போற்றுகிறது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்தின் பெயரும் 'பாரதிய சாக்ஷ்ய அதினியம்' என்பதே.

பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திடுபவர், எழுதிக் கொடுத்தவர் கையொப்பமிட்டதற்கே சாட்சி. உள்ளே எழுதியிருப்பது யாவும் அவருக்குத் தெரியும் என்பது பொருளல்ல. "நான்கு பேர் சாட்சி போட்டிருக்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும்" என்று நம்பிக் கையொப்பமிடுவது எத்தகைய பேதைமை!

முடிவாக

அரபியிலிருந்து வந்தாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தாலும், இச்சொற்கள் இன்று நம் வீட்டுச் சொற்கள். அவற்றை வெறுக்க வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பிறப்பை அறிந்தால் பொருள் நினைவில் நிற்கும். போக்கியம் அனுபவிப்பதற்கு, கிரயம் விலைக்கு, உயில் விருப்பம், ஜாமீன் பொறுப்பு என்று மனத்தில் பதிந்துவிட்டால், ஒன்றை மற்றொன்று என்று காட்டி நம்மை ஏமாற்றுவது எளிதல்ல.

தோழியரே! நம் வீடுகளில் பெரியோர் பலர் கையெழுத்து மட்டும் அறிந்தவர்கள். அடுத்த முறை அவர்கள் முன் ஒரு தாள் நீட்டப்படும்போது, பள்ளியில் படிக்கும் நாம் அருகில் அமர்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுவோம். இது எந்த வகைப் பத்திரம், இன்று முதல் சொத்து யாருடையது, திரும்பப் பெற முடியுமா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்போம். விளங்காவிடில், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் கேட்கலாம்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கையொப்பத்துக்கு முன் கேட்கும் ஒரு கேள்வி, பின்னால் சிந்தும் கண்ணீரைத் தடுக்கும்.